பழைய ஹாசல்பிளாட் கேமராவுக்கு டிஜிட்டல் பேக்: பணம் கட்டும் முன் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

ஹாசல்பிளாட் 500 சி/எம் அல்லது 503 சி.டபிள்யூ ஒன்று கையில் இருக்கிறது. கூடவே இரண்டு மூன்று ஜைஸ் லென்ஸ். ஃபிலிம் வாங்கி, கழுவி, ஸ்கேன் செய்து கட்டுப்படியாகவில்லை. டிஜிட்டல் பேக் (ஃபிலிம் மேகசின் இடத்தில் மாட்டும் சென்சார் பெட்டி) ஒன்றைப் பின்னால் மாட்டிவிட்டால் போதும் என்று தேடத் தொடங்கியிருக்கிறீர்கள். இந்தக் கட்டுரை உங்களுக்கானது. மாமியா ஆர்.இசட். 67 அல்லது டெக்னிக்கல் கேமரா வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் மெகாபிக்சலில் தொடங்குகிறார்கள். 39, 50, 80, 100 என்று வரிசைப்படுத்தி, கையிருப்புக்கு எட்டும் பெரிய எண்ணை வாங்கிவிடுகிறார்கள். வாங்கிய பிறகு மவுன்ட் (பேக் கேமராவோடு சேரும் இணைப்பு) பொருந்துவதில்லை, கேபிள் கிடைப்பதில்லை, கம்ப்யூட்டரில் அதற்கான துளையே இல்லை. எல்லாம் சரியாக இருந்தாலும் ஃபோகஸ் நூலிழை தள்ளி விழுகிறது. வரிசையை மாற்றிப் போட்டால் இவற்றில் முக்கால்வாசியைத் தவிர்க்கலாம்.

1. மாடலுக்கு முன் மவுன்ட்

ஃபேஸ் ஒன் நிறுவனத்தின் பி வரிசை, ஐக்யூ வரிசை பேக்குகள் ஒரே பெயரில் பல மவுன்ட்டுகளில் வந்தன: ஹாசல்பிளாட் வி (500 சி/எம், 503 சி.டபிள்யூ போன்றவை), ஹாசல்பிளாட் எச், மாமியா 645 ஏ.எஃப்., கான்டாக்ஸ் 645. விளம்பரத்தில் பின்பக்கத் திரையை மட்டும் காட்டுவார்கள். எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். கேமராவோடு சேரும் முன்பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். மவுன்ட் பேக்கின் உடலோடு சேர்ந்தது. வீட்டில் கழற்றி மாற்ற முடியாது. சர்வீஸில் மாற்றித் தருவார்களா என்பது மாடலையும் உதிரிபாகக் கையிருப்பையும் பொறுத்தது. "மாற்றிக்கொள்ளலாம்" என்று விற்பவர் வாயால் சொல்வதை நம்பி வாங்காதீர்கள்.

ஹாசல்பிளாட் தானே செய்த சி.எஃப்.வி. வரிசை வி கேமராக்களுக்காகவே பிறந்தது. 16 மெகாபிக்சல் சி.எஃப்.வி., சி.எஃப்.வி.-39, சி.எஃப்.வி.-50 ஆகியவை சி.சி.டி. என்ற பழைய வகை சென்சார் கொண்டவை. 2014-இல் வந்த சி.எஃப்.வி.-50சி, பிறகு சி.எஃப்.வி. II 50சி, 2024-இல் வந்த சி.எஃப்.வி. 100சி மூன்றும் சிமாஸ் என்ற புதிய வகை சென்சார் கொண்டவை. 1957-க்குப் பின் வந்த பெரும்பாலான வி கேமராக்களில் இவை உட்காரும். 200 வரிசை (201 எஃப், 203 எஃப்.இ. போன்றவை) வைத்திருப்பவர்கள் மட்டும் தங்கள் மாடல் பெயரைச் சொல்லித் தனியாகக் கேட்டு உறுதி செய்ய வேண்டும், சில உடல்களில் மாற்றம் செய்யாமல் வேலை நடக்காது.

எச் வரிசை கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எச்1, எச்2 பிற நிறுவன பேக்குகளை ஏற்கும். எச்3டி-யிலிருந்து அந்தக் கதவு மூடப்பட்டது. எச்4எக்ஸ், எச்5எக்ஸ் மட்டும் விதிவிலக்கு.

2. உங்கள் லென்ஸ் என்னவாக மாறும்?

வி கேமராவின் ஃபிலிம் சட்டம் 56 × 56 மி.மீ. எந்த பேக்கும் அதை முழுதாக நிரப்பாது. சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று அளவுகளில் அடங்கும். 44 × 33 மி.மீ.: பி30+, சி.எஃப்.வி.-50சி, சி.எஃப்.வி. 100சி. ஏறத்தாழ 49 × 37 மி.மீ.: 22 மெகாபிக்சல் பி25+, 39 மெகாபிக்சல் பி45+. ஏறத்தாழ 54 × 40 மி.மீ.: 60 மெகாபிக்சல் பி65+, 80 மெகாபிக்சல் ஐக்யூ180, 100 மெகாபிக்சல் ஐக்யூ3, 150 மெகாபிக்சல் ஐக்யூ4.

44 × 33 சென்சாரில் 80 மி.மீ. லென்ஸ், 35 மி.மீ. கேமராவில் 63 மி.மீ. லென்ஸ் காட்டும் கோணத்தைத் தரும். 50 மி.மீ. டிஸ்டகான் 40 ஆகிவிடும். 40 மி.மீ. டிஸ்டகான்கூட 32-தான். கட்டடம், உள்ளரங்கம் எடுப்பவர்களுக்கு இது பெரிய இழப்பு. அகலக் கோணம் கைவிட்டுப் போகும். சி.எஃப்.வி. II 50சி, 100சி இரண்டையும் 907எக்ஸ் என்ற மெல்லிய உடலில் மாட்டி எக்ஸ்.சி.டி. லென்ஸ் போடலாம் என்பதால் அங்கே ஒரு வழி இருக்கிறது. மற்றவற்றில், அகலம் வேண்டுமானால் 54 × 40 பக்கம்தான் போக வேண்டும்.

எஸ்.டபிள்யூ.சி. (லென்ஸ் உடலோடு பொருத்தப்பட்ட ஹாசல்பிளாட் அகலக் கோணக் கேமரா) வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதன் 38 மி.மீ. பயோகான் சென்சாருக்கு மிக அருகில் உட்காரும் லென்ஸ்; ஓரங்களில் ஒளி கடும் சாய்வாக விழும். மைக்ரோலென்ஸ் (ஒவ்வொரு பிக்சல் மேலும் உள்ள நுண்வில்லை) உள்ள பி30+ போன்ற பேக்கில் ஓரங்கள் நிறம் திரிந்து இருண்டுபோகும். சிறிய பிக்சல் கொண்ட ஐக்யூ180-இலும் இதே சிக்கல். அதே லென்ஸ் பி25+, பி45+ இரண்டிலும் ஓரளவு சமாளிக்கும்.

செங்குத்துப் படம் எப்படி எடுப்பீர்கள் என்பதையும் இப்போதே யோசியுங்கள். ஃபிலிம் சதுரமாக இருந்ததால் கேமராவைச் சாய்க்கவே தேவைப்படவில்லை. பெரும்பாலான பேக்குகளின் சென்சார் நீள்சதுரம். சில பேக்குகளைக் கழற்றி 90 டிகிரி திருப்பி மாட்டலாம், சிலவற்றை முடியாது. திருப்ப முடியாதவற்றில் கேமராவையே பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். அப்போது இடுப்பு மட்ட ஃபைண்டர் பயன்படாது. 45 அல்லது 90 டிகிரி பிரிஸம் வாங்கியாக வேண்டும். அதையும் செலவில் சேருங்கள்.

3. சி.சி.டி.-யா, சிமாஸா?

இந்த ஒரு தேர்வில்தான் உங்கள் அன்றாட வேலை அடங்கியிருக்கிறது. சி.சி.டி. பேக் குறைந்த ஐ.எஸ்.ஓ.-வில், நிறைந்த ஒளியில், ட்ரைபாடில் இன்றும் அருமையாக வேலை செய்யும். பி45+ ஐ.எஸ்.ஓ. 50, 100-இல் தரும் படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 400-இல் நிழற்பகுதியைத் தூக்கினால் இரைச்சல் கிளம்பும். லைவ் வியூவை நம்ப முடியாது. 50 மெகாபிக்சல் சிமாஸ் பேக்கோ ஐ.எஸ்.ஓ. 1600-இலும் வேலைக்கு ஆகும் படம் தரும். லைவ் வியூவில் பெரிதாக்கி ஃபோகஸ் பார்க்கலாம். குறைவாக எக்ஸ்போஸ் ஆன படத்தை மூன்று ஸ்டாப் தூக்கினாலும் பட்டை விழாது.

ஸ்டூடியோ ஃபிளாஷில் பொருள்களும் உருவப்படங்களும் எடுப்பவருக்கு சி.சி.டி. பேக் குறைந்த விலையில் நிறைய கொடுக்கும். திருமண மண்டபம், கோயில் உட்பிராகாரம், மாலை வெளிச்சம் என்று போகிறவர் சிமாஸைத் தவிர வேறெதையும் பார்க்க வேண்டாம்.

நீண்ட எக்ஸ்போஷர் தேவை என்றால் மாடலை மாடலாகப் பார்க்க வேண்டும். பி45+ ஒரு மணி நேரம் வரை போகும். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் அதே அளவு நேரம் ஒளி படாத கருப்புப் படம் ஒன்றை எடுத்துக் கழித்துக்கொள்ளும். 10 நிமிடப் படத்துக்கு 20 நிமிடம் காத்திருக்க வேண்டும், நடுவில் பேட்டரி தீர்ந்தால் எல்லாம் போச்சு. அதற்குப் பின்னால் வந்த விலை கூடிய பி65+, ஐக்யூ180 இரண்டும் இதில் பி45+ பக்கத்தில்கூட வராது. வெப்பமும் சேரும்: சென்சார் ஏறத்தாழ 6 முதல் 8 டிகிரி சூடேறும்போதெல்லாம் இருள் இரைச்சல் இரட்டிப்பாகும். குளிர்நாட்டில் எடுத்த மாதிரிப் படத்தைப் பார்த்து, மே மாதத் திருச்சியில் அதே சுத்தத்தை எதிர்பார்க்காதீர்கள்.

சி.சி.டி. நிறம் தனி அழகு என்ற பேச்சு நிறைய கேட்பீர்கள். வேறுபாடு உண்மைதான். ஆனால் அதில் பெரும்பங்கு சென்சார் மேலுள்ள நிற வடிகட்டிகளுக்கும் மென்பொருளின் புரொஃபைலுக்கும் உரியது. 24 கட்ட நிற அட்டை ஒன்றைப் படமெடுத்து இரண்டு பேக்குக்கும் சொந்தப் புரொஃபைல் செய்தபின் ஒப்பிடுங்கள். அதற்குப் பிறகும் ஒன்று பிடித்திருந்தால் அதற்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் நியாயம் உண்டு.

4. கேபிள், பேட்டரி, கம்ப்யூட்டர்

சி.எஃப்.வி. பேக் கேமராவின் இயந்திர அசைவையே உணர்ந்து விழித்துக்கொள்ளும். 500 வரிசையில் கேபிள் வேண்டாம். மெனுவில் உடல் வகையை மட்டும் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். வி மவுன்ட்டில் வரும் ஃபேஸ் ஒன் பேக்குக்கு லென்ஸின் ஃபிளாஷ் முனையிலிருந்து பேக்குக்கு ஒரு சிங்க் கேபிள் போடுவது வழக்கம். அந்தக் கேபிள் இல்லாமல் வரும் பேக்கை மலிவு என்று நினைக்காதீர்கள். தனியாகத் தேடினால் நாள்கணக்கில் அலைய வேண்டும். ஃபிளாஷையும் அங்கேதான் இணைக்க வேண்டும் என்பதால் பிரிப்பான் உள்ள கேபிளா என்று கேளுங்கள்.

இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. பழைய சி வகை லென்ஸில் எம், எக்ஸ், வி என்று ஒரு சிறிய நெம்புகோல் இருக்கும். அது எக்ஸில் நிற்க வேண்டும். எம்மில் நின்றால் ஷட்டர் முழுதாகத் திறக்கும் முன்பே சமிக்ஞை போய்விடும். வி என்பது செல்ஃப் டைமர். சி.எஃப். வகை லென்ஸில் வேகவளையத்தின் ஒரு முனையில் எஃப் என்ற நிலை உண்டு. அதில் போனால் லென்ஸின் ஷட்டர் இயங்காமல் திறந்தே இருக்கும். படம் வெள்ளையாக வரும். பேக் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பக் கிளம்புவீர்கள். முதலில் இந்த இரண்டையும் பாருங்கள்.

பேட்டரி பற்றிக் கவலை குறைவு. ஃபேஸ் ஒன் பி, ஐக்யூ வரிசைகள் கேனான் பி.பி.-915 வகையை ஏற்கும். சி.எஃப்.வி.-50சி வரையிலான ஹாசல்பிளாட் பேக்குகள் சோனி என்.பி.-எஃப் வகையில் ஓடும். இரண்டும் வீடியோ விளக்குக் கடைகளில்கூடக் கிடைப்பவை. மலிவான நகல் பேட்டரிகளில் சில அரை மி.மீ. தடித்திருக்கும், மாட்டியபின் கழற்ற வராது.

கம்ப்யூட்டரோடு இணைத்துப் படமெடுக்க நினைத்தால் துளையைப் பாருங்கள். பி வரிசையிலும் லீஃப் நிறுவனத்தின் பழைய ஆப்டஸ் பேக்குகளிலும் ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு மட்டுமே. ஐக்யூ1 வரிசையில் ஃபயர்வயர் 800-உடன் யு.எஸ்.பி. 3-உம் சேர்ந்தது. தண்டர்போல்ட் மாற்றிகளை அடுக்கி ஃபயர்வயரை ஓட்டலாம். ஆனால் அந்த வழியில் வரும் மின்சாரம் பேக்குக்குப் போதாமல் இணைப்பு விட்டுவிட்டுப் போகும். பேக்கை அதன் சொந்த பேட்டரியில் ஓடும்படி மெனுவில் மாற்றிக்கொள்ளுங்கள். ஆப்பிள் தன் மேக் ஓ.எஸ். 26-இல் ஃபயர்வயர் ஆதரவையே எடுத்துவிட்டது. பி வரிசை வாங்குபவர் பழைய மேக் ஒன்றையும் அப்டேட் செய்யாமல் வைத்துக்கொள்வது நல்லது. கார்டில் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஹாசல்பிளாட் கோப்புகளுக்கு ஃபோக்கஸ் மென்பொருள் இலவசம். ஃபேஸ் ஒன், லீஃப் கோப்புகளுக்குச் சிறந்தது கேப்சர் ஒன். அதன் கட்டணத்தை முதலிலேயே கணக்கில் எடுங்கள். சி.எஃப்.வி. 100சி-யின் ஒரு ரா கோப்பு ஏறத்தாழ 200 எம்.பி. ஒரு நாளில் 300 படம் என்றால் 60 ஜி.பி.; காப்புப் பிரதியோடு 120.

5. விற்பவரிடம் கேட்க வேண்டியவை

விளம்பரத்திலுள்ள ஜேபெக் படங்களால் பயனில்லை. ஆறு ரா கோப்புகள் கேளுங்கள்: லென்ஸ் மூடி போட்டு 1/125, 1 வினாடி, 30 வினாடி என மூன்று, லென்ஸ் மேல் பால்வெள்ளை அக்ரிலிக் தகடு வைத்து எஃப்/8-இலும் எஃப்/22-இலும் இரண்டு, சாதாரண வெளிக்காட்சி ஒன்று. நேர்மையான விற்பனையாளர் அரைமணி நேரத்தில் எடுத்து அனுப்பிவிடுவார். தயங்கினால் அடுத்த பேக்கைப் பாருங்கள்.

இருட்டுப் படங்களை மென்பொருளில் மூன்று ஸ்டாப் தூக்குங்கள். அங்கங்கே ஒளிப்புள்ளி இருப்பது வயதின் அடையாளம், மென்பொருள் மறைத்துவிடும். மேலிருந்து கீழாக ஒரு முழு நெடுவரிசை ஒளிர்ந்தால் அது சென்சார் குறை. வெள்ளைத் தகட்டுப் படத்தில் நடுவே ஒரு மெல்லிய கோட்டுக்கு இருபுறமும் நிறம் மாறுகிறதா பாருங்கள். பெரிய சி.சி.டி.-களைப் பகுதி பகுதியாகப் படிப்பதால் வரும் சமனின்மை இது. லேசாக இருந்தால் எல்.சி.சி. எனப்படும் லென்ஸ் திருத்தத்தில் மறையும். ரா கோப்பைத் திறந்த உடனே கண்ணில் பட்டால் வேண்டாம். எஃப்/22 படத்தில் தூசி தெரியும், தூசியைத் துடைக்கலாம். கூர்மையான விளிம்புள்ள கோடு தெரிந்தால் மேல்கண்ணாடியில் கீறல், அது துடைத்துப் போகாது.

எத்தனை படம் எடுத்தது என்ற எண்ணைப் பெரிதாக நினைக்காதீர்கள். பேக்கில் தேயும் ஷட்டர் இல்லை. தேய்வது கேபிள் துளை, பேட்டரி முனைகள், கார்டுக் கதவு. இவற்றுக்குத்தான் நெருக்கப் படம் கேட்க வேண்டும்.

6. ஒப்பீட்டுச் சோதனை

இரண்டு பேக்குகளை வாடகைக்கோ கடையிலோ பக்கத்தில் வைத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் அரை நாள் ஒதுக்குங்கள். இந்தப் படியில் அவசரப்பட்டால் மற்ற எல்லாம் வீண்.

தேவையானவை: கனமான ட்ரைபாட், கேபிள் ரிலீஸ், 80 மி.மீ. லென்ஸ், நிற அட்டை, ஓர் இரும்பு அளவுகோல், நெருக்கமாக நெய்த துணி, ஒரே நிலையான விளக்கு அல்லது ஃபிளாஷ். எல்லாப் படமும் கண்ணாடியைத் தூக்கிப் பூட்டி எடுங்கள். 500 வரிசையின் கண்ணாடி அடிக்கும் அதிர்வு 1/15, 1/30 வினாடிகளில் 39 மெகாபிக்சலிலேயே தெரியும்.

ஃபோகஸிலிருந்து தொடங்குங்கள். ஒன்றரை மீட்டர் தூரத்தில் அளவுகோலை 45 டிகிரி சாய்த்து வையுங்கள். லென்ஸ் எஃப்/2.8. ஃபைண்டரின் உருப்பெருக்கியால் 15 செ.மீ. கோட்டை ஃபோகஸ் செய்து ஒரு படம். பிறகு ஃபோகஸைக் கலைத்துவிட்டு மறுபடி. இப்படி ஐந்து. ஐந்தும் 14.8-க்கும் 15.2-க்கும் இடையே சிதறினால் அது உங்கள் கண். ஐந்துமே 15.6-இல் கூர்மையாக நின்றால் ஃபோகஸ் திரைக்கும் சென்சாருக்கும் தூரம் ஒத்துப்போகவில்லை. சிமாஸ் பேக்கில் லைவ் வியூவில் பார்த்தால் உடனே விடை கிடைக்கும். சி.சி.டி.-யில் ஃபிலிம் மேகசின் மாட்டி ஒரு ரோல் எடுங்கள்: அதிலும் தவறினால் கேமராவின் திரை அல்லது கண்ணாடி; ஃபிலிம் சரியாக வந்தால் பேக்.

அடுத்து தொலைவு. லென்ஸை முடிவிலி நிறுத்தம் வரை திருப்பி, ஓரிரு கிலோமீட்டர் தள்ளியுள்ள டவர் அல்லது கோபுரத்தைத் திறந்த துவாரத்தில் எடுங்கள். பிறகு வளையத்தை நூலளவு கிட்டப் பக்கம் திருப்பி இன்னொன்று. திருப்பியதும் கூர்மை ஏறினால் சென்சார் சற்று முன்னால் இருக்கிறது, படமெடுக்கும்போது ஈடுகட்டலாம். முதல் படமே மங்கலாக இருந்து, திருப்பத் திருப்ப இன்னும் மங்கினால் சென்சார் பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கேமராவில் அந்த பேக்கால் தொலைவைக் கூர்மையாக எடுக்கவே முடியாது. சர்வீஸில் சரிசெய்தால்தான் உண்டு. 0.05 மி.மீ. பிழை போதும்: எஃப்/2.8-இல் அது 18 மைக்ரான் மங்கல் வட்டத்தை உண்டாக்கும். பி45+-இன் 6.8 மைக்ரான் பிக்சலில் இரண்டரை பிக்சல், சி.எஃப்.வி. 100சி-யின் 3.76 மைக்ரானில் ஏறத்தாழ ஐந்து. மெகாபிக்சல் கூடக் கூடப் பழைய கேமராவின் துல்லியம் போதாமல் போவது இப்படித்தான்.

இனி நுணுக்கம். எஃப்/8-இல் அதே காட்சியை இரண்டு பேக்கிலும் எடுங்கள். சென்சார் அளவு வேறு என்றால் கேமராவை நகர்த்தி, பொருள் சட்டத்தில் ஒரே அளவு நிரம்பும்படி செய்யுங்கள். மென்பொருளின் தானியங்கிக் கூர்மையையும் இரைச்சல் நீக்கத்தையும் பூஜ்யத்தில் வையுங்கள். கேப்சர் ஒன்னும் ஃபோக்கஸும் ஆளுக்கொரு தொடக்க அளவு வைத்திருக்கின்றன, அதை அப்படியே விட்டால் நீங்கள் ஒப்பிடுவது மென்பொருளைத்தான். 100 சதவீதத்தில் பக்கம்பக்கமாகப் பார்ப்பது இரண்டாவது பொறி. பெரிய கோப்பு எப்போதும் மோசமாகத் தெரியும். இரண்டையும் உங்களுக்குத் தேவையான அச்சு அளவுக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் பி25+ 18 அங்குல அகலம் தரும், பி45+ 24, 50 மெகாபிக்சல் சிமாஸ் 27, 100 மெகாபிக்சல் 38. 16 × 20 அங்குலத்துக்கு மேல் அச்சிடாதவருக்கு 39-க்கும் 100-க்கும் இடையே கூர்மையில் கிடைக்கும் லாபம் சொற்பம். நிழல், ஐ.எஸ்.ஓ., லைவ் வியூ ஆகியவற்றில் கிடைப்பதுதான் பெரிய லாபம்.

பிறகு எஃப்/11, 16, 22. சிறிய துவாரத்தில் ஒளி சிதறுவதால் (டிஃப்ராக்‌ஷன்) உண்டாகும் மங்கல் வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ துவார எண்ணின் 1.35 மடங்கு மைக்ரான். எஃப்/16-இல் 21 மைக்ரானுக்கு மேல். பி25+-இன் 9 மைக்ரான் பிக்சலில் இது உறுத்தாது. 3.76 மைக்ரானில் எஃப்/11-இலேயே மென்மை தெரியத் தொடங்கும். நகை, கடிகாரம் போன்றவற்றை எஃப்/22-இல் எடுத்துப் பழகியவர்கள் 100 மெகாபிக்சலுக்குக் கொடுத்த பணத்தின் பலனைக் காணவே மாட்டார்கள். ஃபோகஸ் அடுக்கலுக்கு (வெவ்வேறு ஃபோகஸில் பல படம் எடுத்து இணைப்பதற்கு) மாற வேண்டியிருக்கும்.

நிழல் சோதனை எளிது. சரியான எக்ஸ்போஷரிலிருந்து ஒரு ஸ்டாப், இரண்டு ஸ்டாப், மூன்று ஸ்டாப் குறைத்து எடுத்து, மென்பொருளில் அதே அளவு தூக்குங்கள். கருப்புத் துணியில் பட்டையோ பச்சை, கருஞ்சிவப்புத் திட்டோ எங்கே தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே போல மேல்பக்கமும்: அரை ஸ்டாப் படிகளில் ஏற்றி, வெள்ளைத் துணியின் நெசவு எப்போது மறைகிறது என்று பாருங்கள். சி.சி.டி. பேக்குகளில் மேல்பக்க இடம் குறைவு. மீட்டர் சொல்வதற்குச் சற்றுக் கீழே எடுக்கப் பழக வேண்டும்.

துணியைக் கடைசியாக எடுங்கள். இந்த பேக்குகளில் கூர்மையை மழுக்கும் வடிகட்டி இல்லாததால் பட்டுப்புடவை, கோட்டுத் துணி, கொசுவலை போன்றவற்றில் வானவில் நெளிவுகள் வரும். அதே துணியை மூன்று தூரத்தில் எடுங்கள். பிக்சல் பெரிதாக இருக்கும் பேக்கில் தொல்லை அதிகம். ஜவுளி விளம்பரம் எடுப்பவர்களுக்கு 22 மெகாபிக்சலைவிட 100 மெகாபிக்சல் நேரத்தை மிச்சப்படுத்துவது இங்கேதான்.

7. கையில் பழகிப் பார்ப்பது

ஸ்விட்ச் போட்டதிலிருந்து முதல் படம் வரை எத்தனை வினாடி என்று பாருங்கள். பத்துப் படங்களை விடாமல் எடுத்து, எந்தப் படத்தில் காத்திருக்கச் சொல்கிறது என்று குறியுங்கள். உச்சி வெயிலில் வெளியே கொண்டுபோய்த் திரையைப் பாருங்கள். பி வரிசையின் சிறிய திரையில் ஹிஸ்டோகிராம் தவிர வேறெதையும் வெயிலில் நம்ப முடியாது. ஐக்யூ வரிசையின் 3.2 அங்குலத் தொடுதிரையில் 100 சதவீதம் பெரிதாக்கி ஃபோகஸ் பார்க்கலாம். லீஃப் ஆப்டஸில் விசிறி ஓடும் சத்தம் கேட்கும். அமைதியான அறையில் உருவப்படம் எடுப்பவருக்கு அது இடைஞ்சலாகலாம்.

வி கேமராவில் லைவ் வியூ பார்க்க லென்ஸை பி-யில் வைத்து, பூட்டுள்ள கேபிள் ரிலீஸால் ஷட்டரைத் திறந்தே பிடிக்க வேண்டும். ஃபோகஸ் பார்த்து, ரிலீஸை விட்டு, மறுபடி ஏற்றி, வேகம் மாற்றி, அப்புறம்தான் படம். கட்டடத்துக்குச் சரி, மனிதருக்கு ஆகாது. எலக்ட்ரானிக் ஷட்டர் உள்ள பேக்கில் லென்ஸைத் திறந்தே வைத்து எடுத்துவிடலாம். ஆனால் சென்சாரை வரிவரியாக மெதுவாகப் படிப்பதால் அசையும் எதுவும் சாய்ந்து வரும்; ஃபிளாஷும் வேலை செய்யாது.

ஃபோகஸ் திரையில் சென்சார் எல்லையைக் காட்டும் கோடுகள் வேண்டும். கோடிட்ட திரை கிடைக்காவிட்டால் மெல்லிய ஒளிபுகும் தாளில் அச்சடித்து மேலே வைத்துக்கொள்ளலாம்.

8. செலவு, ஆவணம், காலம்

பயன்படுத்திய பேக்குகளின் சந்தை பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், ஹாங்காங் பக்கம். இந்தியாவுக்கு வரவழைப்பதாக இருந்தால் பணம் கட்டும் முன்பே சுங்க முகவர் ஒருவரிடம் பேசுங்கள். மூலதனப் பொருள் என்ற வகையில் வராத பயன்படுத்திய பொருள்களை இறக்க வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை தனி அனுமதி கேட்கிறது. ஸ்டூடியோவின் பெயரில், தொழில் கருவியாக வருவதும் தனிநபர் பெயரில் கூரியரில் வருவதும் ஒன்றல்ல. எந்தத் தலைப்பில் அறிவிப்பது, பட்டயப் பொறியாளரின் மதிப்புச் சான்று கேட்பார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வரி, பொருளின் விலைக்கு மட்டும் அல்ல. சரக்குக் கட்டணம், காப்பீடு சேர்ந்த தொகைக்கு. 3,00,000 ரூபாய் பேக், 15,000 ரூபாய் அனுப்பும் செலவு என்றால், அடிப்படைச் சுங்க வரி எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 18 சதவீத ஐ.ஜி.எஸ்.டி. மட்டும் 56,700 ரூபாய். ஸ்டூடியோவுக்கு ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் அந்த எண் பில் ஆஃப் என்ட்ரி எனும் சுங்க இறக்குமதி ஆவணத்தில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்க முடியாது. வணிக இறக்குமதிக்கு ஐ.இ.சி. எனும் இறக்குமதி-ஏற்றுமதி எண்ணும் வேண்டும். அது இல்லாதவர்கள் முதலில் அதற்கு விண்ணப்பித்துவிட்டு பேக்கைத் தேடலாம்.

விற்பவர் அனுப்பும் இன்வாய்ஸில் மாடல் பெயர், வரிசை எண், பயன்படுத்தியது என்ற குறிப்பு, உண்மையான விலை நான்கும் இருக்க வேண்டும். வரி குறையும் என்று விலையைக் குறைத்துப் போடச் சொல்லாதீர்கள். சுங்கத்தில் மாட்டுவது ஒருபுறம், வழியில் உடைந்தால் காப்பீடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான் கிடைக்கும். லித்தியம் பேட்டரி இல்லாமல் அனுப்பச் சொல்லுங்கள். பேட்டரியால் விமானச் சரக்கில் பொட்டலம் நின்றுபோவது சாதாரணம், இங்கே வாங்கிக்கொள்ளலாம்.

திருப்பி அனுப்பும் அவகாசம் பொட்டலம் கைக்கு வந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும், அனுப்பிய நாளிலிருந்து அல்ல. சுங்கத்தில் சில வாரம் நின்றால் அனுப்பிய நாளிலிருந்து எண்ணும் 14 நாள் எப்போதோ முடிந்திருக்கும்.

9. வந்திறங்கியதும்

பெட்டியைப் பிரிப்பதைத் தொடர்ச்சியாக வீடியோ எடுங்கள். வரிசை எண் அதில் தெரிய வேண்டும். முதல் நாளே ஐந்தாம் படியிலுள்ள ஆறு படங்களையும் ஆறாம் படியின் ஃபோகஸ் சோதனைகளையும் உங்கள் கேமராவிலேயே செய்யுங்கள். விற்பவர் அனுப்பிய கோப்புகளோடு ஒப்பிட்டால் வழியில் ஏதும் நேர்ந்ததா என்று தெரியும். சென்சாரைத் துடைக்க அவசரப்படாதீர்கள். ஊதுகுமிழால் மட்டும் ஊதி, குறை இல்லை என்று உறுதியான பிறகு துடையுங்கள். நீங்கள் துடைத்த பேக்கைக் கீறலோடு திரும்ப வாங்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் உலர் அலமாரியில் வைத்தால் கடலோர ஊர்களிலும் பூஞ்சை அண்டாது.

வெளிநாட்டுப் படப்பிடிப்புக்கு எடுத்துச் செல்வதாக இருந்தால், புறப்படும் விமான நிலையத்தில் பைகளை செக்-இன் செய்யும் முன் சுங்க அதிகாரியிடம் பேக்கையும் இன்வாய்ஸையும் காட்டி, வரிசை எண்ணோடு ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்குங்கள். அது கையில் இருந்தால் திரும்பி வரும்போது அதே பொருளுக்கு மறுபடி வரி கேட்க மாட்டார்கள். இதற்காக வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள்.